சென்னையில் ஏறும் சின்னக் கப்பலா, சிங்கப்பூரில் ஏறும் பெரிய கப்பலா? ஆறு பேர் குடும்பத்துக்கு ஒரு பதில்

ராமநாதபுரத்தில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்பா, அம்மா, மனைவி, 9 வயதில் மகள், 4 வயதில் மகன், தன்னையும் சேர்த்து ஆறு பேர், எல்லோருக்கும் முதல் கப்பல் பயணம். சென்னையில் இருந்து கிளம்பும் கார்டிலியா கம்பெனியின் எம்ப்ரெஸ்ஸில் போவதா, சிங்கப்பூர் வரை பறந்து போய் கெண்டிங் ட்ரீம் கப்பலில் ஏறுவதா, சின்னதா பெரியதா, எது நல்லது என்று. ஆனால் கேள்வியோடு அவர் போகிறபோக்கில் எழுதியிருக்கும் மூன்று வரிகளில்தான் விஷயமே இருக்கிறது. பாம்பன் பக்கத்துக் குந்துகாலில் இருந்து குருசடைத் தீவுக்குப் படகில் போனபோது அம்மா வாந்தி எடுத்துவிட்டார். அம்மாவுக்கு முட்டிவலியும் உண்டு. அப்பாவோ அந்தக் காலத்தில் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் ஓடிய சிதம்பரம் கப்பல் தீப்பிடித்த கதையைச் சொல்லி, நீங்கள் போய்ட்டு வாங்க, நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்கிறார். ஆக, தம்பி கேட்பது இந்த இரண்டு பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய், பிள்ளைகளும் சந்தோஷமாக இருந்து, கொடுத்த காசுக்கு நிம்மதியாகத் திரும்பி வர முடியுமா என்பதைத்தான்.

நான் கீழக்கரைக்காரன். பயணிகள் கப்பல்களில் ஹவுஸ்கீப்பிங்கில், அதாவது பயணிகளின் அறைகளைச் சுத்தம் செய்து கவனிக்கும் கேபின் ஸ்டூவர்டாகச் சேர்ந்து, சூப்பர்வைசராகி, பல வருடம் ஓட்டிவிட்டு இப்போது ஊரோடு இருக்கிறேன். இந்த இரண்டு கப்பலிலும் வேலை பார்த்ததில்லை, ஏறக்குறைய இதே அளவிலுள்ள வேறு கப்பல்களில் இருந்திருக்கிறேன். கேபின், பாத்ரூம், காரிடார், லிஃப்ட், சாப்பாட்டுக் கூட்டம், நடுராத்திரி கூப்பிடும் பயணி, இவை பற்றி நான் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். கடலைப் பற்றி, கப்பலை ஓட்டும் அறையான பிரிட்ஜில் நின்றவர்கள் என்னைவிட நன்றாகச் சொல்வார்கள்.

முதலில் சந்தேகமே இல்லாத கணக்கு. எம்ப்ரெஸ் 1990ல் பிரான்சில் கட்டியது, அப்போது அதன் பெயர் நார்டிக் எம்ப்ரெஸ். நீளம் 211 மீட்டர், கிராஸ் டன்னேஜ் 48,563, சுமார் 800 கேபின். கெண்டிங் ட்ரீம் 2016ல் ஜெர்மனியில் பாப்பன்பர்க் ஊரில் கட்டியது. நீளம் 335 மீட்டர், டன்னேஜ் ஒன்றரை லட்சத்தைத் தாண்டும், கேபினுக்கு இரண்டு பேர் என்று வைத்தால் 3,352 பேர். இந்த கிராஸ் டன்னேஜ் கப்பலின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். எடைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, கப்பலுக்குள் அடைபட்ட இடம் எவ்வளவு என்பதைக் காட்டும் எண் அது. அதனால் அதைப் பயணிகள் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு ஆளுக்கு எவ்வளவு இடம் என்று ஒரு கணக்கு கிடைக்கும், தொழிலில் இதைப் பார்ப்பது வழக்கம். எம்ப்ரெஸ்ஸுக்கு 30 வாக்கில் வரும், கெண்டிங் ட்ரீமுக்கு 45. சின்னக் கப்பலில் கூட்டம் குறைவு, பெரிய கப்பலில் நெரிசல் என்று எல்லோரும் நினைப்பது இந்த ஜோடியில் தலைகீழ். பெரியதில் ஆள் இரண்டு மடங்கு, இடம் மூன்று மடங்கு. ஆனால் மொத்தப் பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்துக்குக் கிளம்பும் தருணங்கள் உண்டு, ஏறும் நாள், இறங்கும் காலை, முதல் நாள் மதியச் சாப்பாடு. அப்போது இந்தக் கணக்கெல்லாம் உதவாது, 3,000 பேர் 3,000 பேர்தான்.

அம்மாவின் வாந்தி. குருசடைப் படகை வைத்துக் கப்பலை முடிவு செய்யாதீர்கள் தம்பி. அது மன்னார் வளைகுடாப் பக்கம், நம்மவர்கள் ஆண்கடல் என்று சொல்வதே அதன் முரட்டுத்தனத்துக்காகத்தான். அதே அம்மா வடக்கே பாக் விரிகுடாப் பக்கமுள்ள பெண்கடலில் ஒரு காலை நேரம் போயிருந்தால் ஒன்றுமே ஆகாமல் திரும்பியிருக்கலாம். சின்னப் படகு ஒவ்வொரு அலை மேலும் தனித்தனியாக ஏறி இறங்கும். 200 மீட்டர் கப்பலோ ஒரே நேரத்தில் பல அலைகள் மேல் படுத்துக்கிடக்கும், காற்றில் எழும் சாதாரண அலை அதை அசைக்காது. அசைப்பது தூரத்தில் இருந்து வரும் நீண்ட அலை. 12 விநாடிக்கு ஒருமுறை வருகிற அலை என்றால், ஆழ்கடலில் ஒரு முகட்டில் இருந்து அடுத்த முகட்டுக்கு 225 மீட்டர் வாக்கில் இருக்கும், கிட்டத்தட்ட எம்ப்ரெஸ்ஸின் நீளம். அப்போது மூக்கு எழும், பின்புறம் தாழும். 335 மீட்டர் கப்பலுக்கு அதே அலை அவ்வளவாகத் தெரியாது. இரண்டிலும் பக்கவாட்டு ஆட்டத்தைக் குறைக்கத் தண்ணீருக்கு அடியில் துடுப்பு போன்ற ஸ்டெபிலைசர் உண்டு, ஆனால் முன்னும் பின்னும் எழுந்து தாழ்வதற்கு அதனால் ஒன்றும் செய்ய முடியாது.

ஆனால் கப்பலின் நீளத்தைவிட எந்த மாதம், எந்தக் கடல் என்பதுதான் பெரிய விஷயம். மும்பையில் மழை அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரைதான் எம்ப்ரெஸ் வழக்கமாகச் சென்னைப் பக்கம் வருகிறது. நமக்கு அது கச்சான், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலம். சென்னையில் இருந்து விசாகப்பட்டினம் போய் வருகிற பயணத்தில் மேல்காற்று கரையில் இருந்து கடலைப் பார்த்து அடிக்கும், வடக்கே காற்றழுத்தம் எதுவும் உருவாகாமல் இருந்தால் பெரிய தொந்தரவு இருக்காது. இலங்கைக்குப் போகிற பயணம் என்றால், அதன் கிழக்குக் கரை, அதாவது திரிகோணமலை வரை, அந்தத் தீவே பாதி மறைவு கொடுக்கும். அம்பாந்தோட்டை அப்படியில்லை. தீவின் தெற்கு முனை அது, அந்த மாதங்களில் தென்மேற்கில் இருந்து வரும் நீண்ட அலை நேராக வந்து விழும் இடம். முதல் பயணத்துக்கு, அதுவும் வாந்திப் பயம் உள்ள அம்மாவோடு, ஜூலையில் அம்பாந்தோட்டை வேண்டாம் என்று நான் நேராகவே சொல்வேன்.

சிங்கப்பூர்ப் பக்கம் மலாக்கா நீரிணையை சுமத்ரா தீவு முழு நீளத்துக்கும் மறைத்துக்கொண்டு கிடக்கிறது. அதிகாலையில் சுமத்ராஸ் என்று சொல்லும் திடீர்க் காற்றுமழை ஏப்ரல் முதல் நவம்பர் வரை அவ்வப்போது வரும், ஒன்றிரண்டு மணி நேரத்தில் போய்விடும். மலேசியாவின் கிள்ளான் துறைமுகம், பினாங்கு வரை கப்பலில் போகிறோம் என்பதே மறந்துபோகும். தாய்லாந்தின் ஃபுக்கெட் வேறு கதை. அங்கே நீரிணை முடிந்து அந்தமான் கடல் திறந்துவிடும், பெரிய கப்பல்கள் பெரும்பாலும் பாத்தோங் கடற்கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு, ஆட்களைச் சின்னப் படகில் மாற்றிக் கரைக்கு அனுப்பும். அந்தக் கரை மேற்கே பார்த்தது. மே மாதம் முதல் அக்டோபர் வரை படகு ஆடும், ஆடுகிற படகில் கால் வைத்து இறங்குவது முட்டிவலி உள்ளவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று உங்களுக்கே தெரியும். அம்மாவைக் கப்பலிலேயே விட்டுவிட்டு மற்றவர்கள் இறங்குவது என்றால் பரவாயில்லை, ஆனால் அதற்காகவா கூட்டிக்கொண்டு போகிறீர்கள்? இறங்கு பாலம் வழியாக நடந்தே கரையேறும் துறைமுகங்கள் உள்ள பயணமாகப் பாருங்கள்.

நடை பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை, கப்பல் ஏறிய முதல் நாள் மாலையில்தான் பெரியவர்கள் புலம்ப ஆரம்பிப்பார்கள். ராமேஸ்வரம் கோயில் மூன்றாம் பிரகாரத்தின் நீளப் பக்கம் கிட்டத்தட்ட 200 மீட்டர். எம்ப்ரெஸ்ஸின் ஒரு முனையில் இருந்து மறுமுனை வரை அவ்வளவுதான், அம்மா உட்கார்ந்து எழுந்து நடந்துவிடுவார். கெண்டிங் ட்ரீம் அதைப் போல ஒன்றரை மடங்குக்கு மேல். கேபின் ஒரு முனையிலும் சாப்பாட்டு இடம் மறு முனையிலும் அமைந்தால் ஒரு நாளைக்கு மூன்று வேளை, போகவும் வரவும், நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். லிஃப்ட் நிறைய இருக்கும், ஆனால் லிஃப்ட் வரைக்கும் நடக்க வேண்டுமே. கப்பலில் இருக்கும் சக்கர நாற்காலிகள் பொதுவாக ஏற இறங்க மட்டும் தருவார்கள், நாள் முழுக்க வைத்துக்கொள்ள விடமாட்டார்கள். வேண்டும் என்றால் மடக்கும் நாற்காலி ஒன்றைக் கையோடு கொண்டு போவது நல்லது, முன்கூட்டியே எழுதிக் கேட்டுவிட்டு.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது. கப்பலைவிடக் கேபின் முக்கியம். பெரிய கப்பலில் மோசமான கேபின் எடுத்தவர், சின்னக் கப்பலில் நல்ல கேபின் எடுத்தவரைவிடக் கஷ்டப்பட்டுத்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் திரும்பத் திரும்ப. ஆறு பேர் என்பதால் உங்களுக்கு எப்படியும் இரண்டு கேபின் வேண்டும், ஒரு கேபினில் நாலு பேருக்கு மேல் சாதாரணமாக விடுவதில்லை. ஏஜெண்ட் உடனே நாலும் இரண்டும் என்று பிரிப்பார், பிள்ளைகள் உங்களோடு, பெரியவர்கள் தனியாக. நான் மூன்றும் மூன்றுமாகப் பிரிக்கச் சொல்வேன். மகள் தாத்தா பாட்டியோடு, மகன் உங்களோடு. மூன்றாவது படுக்கை பெரும்பாலும் சுவரில் இருந்தோ கூரையில் இருந்தோ இறக்கும் மேல் படுக்கையாக இருக்கும், 4 வயதுப் பிள்ளையை அதில் படுக்க வைக்கக் கூடாது, 9 வயது மகள் ஏணியில் ஏறிச் சந்தோஷமாகப் படுத்துக்கொள்வாள். மகனுக்குச் சோபா படுக்கையாக விரியும் கேபினைக் கேளுங்கள். நாலு பேர் ஒரு கேபினில் நாலு பெட்டியோடு இருப்பது எப்படி இருக்கும் என்று காலையில் சுத்தம் செய்யப் போகிறவனுக்குத்தான் தெரியும், தரை என்று ஒன்று இருப்பதே தெரியாது.

இரண்டு கேபினும் உள்ளே கதவு வைத்து இணைந்ததாகவோ, கிடைக்காவிட்டால் பக்கத்துப் பக்கத்திலோ இருக்க வேண்டும். கப்பலின் நீளத்தில் நடுப்பகுதி, உயரத்தில் கீழ்த் தளங்கள், லிஃப்டுக்குப் பக்கம், ஆனால் லிஃப்ட் வாசலிலேயே வேண்டாம். ஆட்டம் குறைவாகத் தெரியும் இடமும் அதுதான், நடை குறையும் இடமும் அதுதான், அம்மாவின் இரண்டு பிரச்சினைக்கும் ஒரே மருந்து. அப்புறம் கப்பலின் தளங்களைக் காட்டும் வரைபடமான டெக் பிளானில் உங்கள் கேபினுக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலேயும் கீழேயும் கேபின்களே இருந்தால் நிம்மதி. மேலே நீச்சல் குளத் தளம் என்றால் விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம், கீழே டிஸ்கோ என்றால் இரவு இரண்டு மணி வரை தரை அதிரும், முன்முனையில் என்றால் நங்கூரச் சங்கிலி இறங்கும்போது குழந்தை அலறி எழும்.

விலை குறைவு என்று ஏஜெண்ட் காட்டுவது பெரும்பாலும் கியாரண்டி கேபினாக இருக்கும். அந்த விலையில் உங்களுக்கு ஒரு கேபின் உண்டு என்பது மட்டுமே உறுதி, எந்தக் கேபின் என்பதைக் கம்பெனி பிறகு முடிவு செய்யும். தனி ஆளுக்குப் பரவாயில்லை. உங்கள் குடும்பத்துக்கு அது ஆகாது, ஒரு கேபின் ஐந்தாம் தளத்தின் முன்னாலும் இன்னொன்று பத்தாம் தளத்தின் பின்னாலும் விழலாம். இரண்டு கேபின் எண்ணும் கையில் வந்த பிறகு பணம் கட்டுங்கள்.

கேபின் அளவில் எம்ப்ரெஸ் தோற்கும், ஒளிக்க ஒன்றுமில்லை. 1990ல் கேபின் தூங்க மட்டும் என்று கட்டினார்கள், பால்கனி உள்ளவை கொஞ்சமே. கெண்டிங் ட்ரீமில் பெரும்பாலான கேபினுக்குப் பால்கனி உண்டு. 4 வயது மகன் இருப்பதால் பால்கனி எடுத்தால் நாற்காலி, மேசை எதையும் கம்பி ஓரத்தில் விடாதீர்கள், கதவின் பூட்டு அவன் கைக்கு எட்டுகிறதா என்று முதல் ஐந்து நிமிடத்திலேயே பாருங்கள். பாத்ரூம் இரண்டிலும் சின்னதுதான், வாசலில் ஒரு படி இருக்கும், இரவில் அம்மா இடறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். கழிப்பறை காற்றழுத்தத்தில் இழுக்கும் வகை, முதல் தடவை அந்தச் சத்தத்தில் பிள்ளைகள் பயந்துவிடுவார்கள். அதில் டயபர், துணி எதையும் போடாதீர்கள், ஒரு கேபின் அடைத்தால் ஒரு வரிசையே நாறும். தண்ணீர்க் குழாய் வசதி இருக்கிறதா என்று முன்பே கேளுங்கள், இல்லாவிட்டால் ஒரு மக்கைப் பெட்டியில் போட்டுக்கொள்ளுங்கள். சிரிக்க வேண்டாம், அரபிக் கடலில் நடுராத்திரி மக் கேட்டு எனக்கு வந்த போன்கள் கொஞ்சநஞ்சமல்ல. ரைஸ் குக்கர், அயர்ன் பாக்ஸ் கொண்டுபோக வேண்டாம், ஏறும்போதே வாங்கி வைத்துவிடுவார்கள்.

அதற்குக் காரணம் தீ, அப்பாவின் பயமும் அதுதான். சிதம்பரம் கப்பல் 1985 பிப்ரவரியில் தீப்பிடித்ததும் ஆட்கள் இறந்ததும் உண்மை, நம் கடற்கரையில் அந்தக் கதை தெரியாத வீடு குறைவு. அதனால் அவர் பயத்தைச் சிரித்துத் தள்ளாதீர்கள். அதற்குப் பிறகு சட்டம் நிறைய மாறியிருக்கிறது என்பதைச் சொல்லுங்கள். எரியக்கூடிய பொருட்களை வைத்துக் கட்டிய பழைய பயணிகள் கப்பல்கள் 2010 அக்டோபருக்குப் பிறகு சர்வதேசப் பயணம் போகவே முடியாது. கப்பல் கிளம்புவதற்கு முன்னால் அல்லது கிளம்பியவுடன் எல்லாப் பயணிக்கும் அவசரகாலப் பயிற்சி கொடுத்தாக வேண்டும் என்பது 2015 ஜனவரி முதல் விதி, இத்தாலியில் கோஸ்டா கான்கார்டியா என்ற பயணிகள் கப்பல் 2012ல் சாய்ந்ததில் இருந்து வந்தது அது. சர்வதேசக் கடலில் ஓடும் சின்னது பெரியது இரண்டுக்கும் இதே சட்டம்தான், அளவை வைத்து ஒன்று பாதுகாப்பு, இன்னொன்று ஆபத்து என்று நான் சொல்லமாட்டேன். அந்தப் பயிற்சிக்கு அப்பாவையே முன்னால் நிறுத்துங்கள், பேரனுக்குச் சின்ன அளவு லைஃப் ஜாக்கெட் கேட்டு வாங்கும் பொறுப்பை அவரிடம் கொடுங்கள். பாதிப் பயம் அங்கேயே போய்விடும்.

பிள்ளைகள் விஷயத்தில் பெரியதற்கு நேர்ப் போட்டியே இல்லை. தண்ணீர்ச் சறுக்குகள், கயிற்றுப் பாலம், பெரிய அரங்கம் என்று 9 வயதுக்கு மூன்று நாளும் போதாது. எம்ப்ரெஸ்ஸில் நீச்சல் குளம், பாறை ஏறும் சுவர், பிள்ளைகளுக்கு ஒரு தனி இடம். 4 வயது மகனுக்கு அதுவே தாராளம். ஒன்று மட்டும் இரண்டுக்கும் பொது: குளத்தருகே எப்போதும் உயிர்காப்பாளர் நிற்பார் என்று நம்பி போனைப் பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள்.

சாப்பாடு, சேவை, விலை மூன்றும் நிலையாகச் சொல்லக்கூடியவை அல்ல. சமையற்காரர் மாறினால் சாம்பார் மாறும். இரண்டிலும் இந்தியச் சைவம் கிடைக்கும், கெண்டிங் ட்ரீமில் ஹலால் சாப்பாடும் உண்டு, அதுவரை நிச்சயம். விலையில் மறைந்திருப்பதைக் கேளுங்கள்: ஆளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று பிடிக்கும் டிப்ஸ், துறைமுகக் கட்டணம், வைஃபை, கரைச் சுற்றுலா. போனை ஃபிளைட் மோடில் போடாமல் கடலுக்குள் போனால் கப்பலின் நெட்வொர்க் பில் உங்களைத் தேடி வரும். கப்பலில் டாக்டர் இருப்பார், ஆனால் இலவசம் இல்லை. பெரியவர்களுக்கு மருத்துவம் சேர்ந்த பயணக் காப்பீடு இல்லாமல் சிங்கப்பூர்ப் பக்கம் போகாதீர்கள். அம்மாவின் வாந்தி மாத்திரையை ஊரிலேயே டாக்டரிடம், அவர் சாப்பிடும் மற்ற மாத்திரைகளையும் சொல்லி, வாங்கிக்கொள்ளுங்கள். ஆட ஆரம்பித்த பிறகு போட்டால் பலன் குறைவு.

சரி, முடிவு. ஏப்ரல் கடைசி, மே விடுமுறையில் போக நினைத்தால் எம்ப்ரெஸ் பெரும்பாலும் மும்பைப் பக்கம் இருக்கும், அதனால் சிங்கப்பூர்தான். மதுரையிலோ திருச்சியிலோ விமானம், எல்லோருக்கும் ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், சிங்கப்பூர் விசா. கப்பல் மலேசியா போய்விட்டு மறுபடி சிங்கப்பூருக்குள் நுழைவதால் அந்த விசா பலமுறை நுழையும் வகையா என்று பாருங்கள். மூன்று இரவு, பினாங்கோ கிள்ளானோ, நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு கேபின். இந்தச் செலவு தாங்கும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு பெரிய கப்பல்.

ஆறு விமானச் சீட்டுக்குப் போன பிறகு மிச்சமிருக்கும் காசில் ஜன்னலில்லாத, எங்கே விழும் என்று தெரியாத கேபின்தான் கிடைக்கும் என்றால், அந்தப் பணத்தைச் சென்னையில் செலவழியுங்கள். செப்டம்பர் கடைசியில் காலாண்டு விடுமுறையை ஒட்டிப் பயணத் தேதி இருக்கிறதா பாருங்கள், ராமநாதபுரத்தில் இரவு ரயில் ஏறினால் காலையில் சென்னை. விசாகப்பட்டினம் போய் வருகிற பயணம், ஜன்னல் உள்ள இரண்டு கேபின், கீழ்த் தளம், நடுவில். அக்டோபர் பாதிக்கு மேல் தள்ளிப்போடாதீர்கள், வடகிழக்கில் இருந்து வரும் வாடைக் காற்று தொடங்கினால் வங்கக் கடலில் புயல் சின்னத்துக்கு ஏற்பக் கப்பல் பாதையையே மாற்றுவார்கள். எந்தக் கப்பலாக இருந்தாலும், ஏஜெண்ட் கேபின் எண் கொடுத்ததும் பணம் கட்டும் முன்னால் இங்கேயே இரண்டு எண்ணையும் போடுங்கள் தம்பி, டெக் பிளானைப் பார்த்து மேலே கீழே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.